பண்டாத் தீவில் இட்ட முதல்

தெங்கும் மீனும் தெளிந்த கடலும் உள்ள ஒரு சிறு தீவு. அங்கே கொஞ்சம் நிலம். அதில் ஒரு வீடு. வீட்டைச் சுற்றி ஒரு தோட்டம். தோட்டத்திலிருந்து ஒரு வருமானம். பதினேழாயிரம் தீவுகளுக்கு மேல் கொண்ட இந்தோனேசியாவைக் காணும் வெளிநாட்டார் பலருக்கு இப்படியோர் ஆசை எழுவதில் வியப்பில்லை. பாலியில் பெருகிய நில வேட்கை, இன்று அதற்கப்பால் உள்ள சிறு தீவுகளின் மீனவச் சிற்றூர்களையும் எட்டியிருக்கிறது.

ஆசையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், தீவுச் சிற்றூரில் வெளியார் குடியேறுவதும் பணம் போடுவதும் புதிய செய்திகள் அல்ல. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அவற்றின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே கண்ட மண் ஒன்று உண்டு. அதுதான் மலுக்குப் பகுதியிலுள்ள பண்டாத் தீவுக் கூட்டம். அங்கே வெளியார் மூன்று விதமாக வந்தார்கள். வணிகராக வந்தார்கள், உடைமையாளராக வந்தார்கள், கைதிகளாகவும் வந்தார்கள். இவர்களுள் அம்மண்ணுக்கு உண்மையில் முதல் இட்டவர் யார் என்பதையே நாம் இங்கே காண விழைகிறோம்.

காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

செராம் தீவுக்குத் தெற்கே, ஆழ்கடலின் நடுவே, எரிமலைக் குழம்பில் பிறந்த பத்துச் சிறு தீவுகள் பண்டா எனப்படுகின்றன. நெய்ரா, லோந்தோர், ஆய், ரூன் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நெய்ராவுக்கு எதிரே 'நெருப்பு மலை' என்று பொருள்படும் குனுங் அப்பி புகைந்து நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகத்துக்கு வேண்டிய சாதிக்காயும் சாதிபத்திரியும் ஏறத்தாழ முழுவதும் இந்தத் தீவுகளிலிருந்தே சென்றன.

பண்டாவுக்கு அரசர் இல்லை. 'ஓராங் காயா' எனப்பட்ட ஊர்ப் பெரியவர்களே கூடிப் பேசி ஊர்க் காரியங்களை நடத்தினார்கள். போர்த்துக்கீசியர் 1512இல் அங்கே வந்தபோது இஸ்லாம் அத்தீவுகளில் வேரூன்றத் தொடங்கியிருந்தது. சாவகரும் மலாய் மக்களும் அரபியரும் குஜராத்தியரும் அங்கே வணிகம் செய்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளும் மலாக்கா வழியே அத்தீவுகளை எட்டின. பண்டாவின் பெண்டிரும் ஆடவரும் உடுத்திய துணியில் நம்மவரின் தறியோசையும் கலந்திருந்தது எனலாம்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மேற்குக் காற்றில் பாய் விரித்து வந்த வணிகர், கீழைக் காற்று எழும் வரை திரும்ப இயலாது. ஆகவே மாதக்கணக்கில் அவ்வூரிலேயே தங்க நேர்ந்தது. தங்கியவர் ஊராரோடு உண்டார். ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டார். பண்டாவில் நெல் விளையாது. அரிசியும் சவ்வரிசியும் வெளியிலிருந்து வந்தே தீர வேண்டும். வணிகர் உணவையும் துணியையும் கொணர்ந்தார். சாதிக்காயைப் பெற்றுச் சென்றார். மரமும் மண்ணும் ஊராரிடமே இருந்தன.

ஒப்பந்தம் கொண்டு வந்தவர்கள்

ஒல்லாந்தரின் கப்பல்கள் 1599இல் பண்டாவை அடைந்தன. 1602இல் ஓராங் காயாக்கள் சிலரிடம் அவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பம் பெற்றார்கள். சாதிக்காயை ஒல்லாந்தருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்பது அதன் சாரம். கையொப்பமிடாத பெரியவர்கள் பலர் இருந்தார்கள். உணவு கொண்டு வரும் சாவகத் தோணியைத் திருப்பியனுப்பிவிட்டு ஊர் எப்படி உயிர் வாழும் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடையில்லை. பழைய நண்பர்களோடு பண்டா மக்கள் வணிகத்தைத் தொடர்ந்தார்கள். ஒல்லாந்தர் அதை ஒப்பந்த மீறல் என்றார்கள். 1609இல் கோட்டை கட்ட முனைந்த தளபதி வெர்ஹூவனும் அவருடன் சென்றோரும் கொல்லப்பட்டனர். பகை முற்றியது.

1621இல் கம்பெனியின் ஆளுநர் தலைவர் யான் பீட்டர்ஸோன் கூன் பெரும்படையோடு வந்தார். சப்பானியக் கூலி வீரர்களின் வாளுக்கு ஓராங் காயாக்கள் நாற்பத்து நால்வர் இரையானார்கள். பதினையாயிரம் என மதிக்கப்படும் மக்களில், போரிலும் பட்டினியிலும் மாண்டவரும் நாடு கடத்தப்பட்டவரும் தப்பியோடியவரும் போக, தீவுகளில் ஓராயிரம் பேரளவே எஞ்சினர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. எஞ்சியோரில் சிலர், பிறந்த மண்ணில் தங்கள் மரங்களைப் பிறருக்காகப் பராமரிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் 'முதலீடு'. சாதிக்காய்க் காடுகளைக் கம்பெனி 68 தோட்டங்களாகக் கூறு போட்டது. லோந்தோரில் 34, ஆய்த் தீவில் 31, நெய்ராவில் 3. 'பெர்க்' எனப்பட்ட அத்தோட்டங்கள் ஐரோப்பியக் குடியேறிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. உழைப்புக்கு அடிமைகள் பல திசைகளிலிருந்தும் கப்பலேற்றப்பட்டார்கள். விளைச்சல் முழுவதும் கம்பெனி குறித்த விலைக்குக் கம்பெனிக்கே. ரூன் தீவின் மீது ஆங்கிலேயர் கொண்டாடிய உரிமையும் 1667இல் பிரேடா உடன்படிக்கையோடு முடிந்தது. அதே உடன்படிக்கையில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயர் வசமே நின்றது. இரு தீவுகளின் மக்களில் ஒருவரையேனும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை!

இந்த முதலீடு நிலைத்ததா? 1770 வாக்கில் பிரெஞ்சுக்காரர் பியேர் புவாவ்ர் சாதிக்காய்க் கன்றுகளை மொரீசியஸுக்குக் கடத்திச் சென்றார். பிறகு ஆங்கிலேயர் பண்டாவைக் கைப்பற்றிய காலத்தில் கன்றுகள் பினாங்குக்கும் பிற இடங்களுக்கும் சென்றன. ஏகபோகத்தின் மதிப்பு சரிந்தது. 1799இன் இறுதியில் கம்பெனியே கலைந்தது. ஆனால் பண்டாவிலிருந்து தப்பிய மக்கள் கெய் தீவில் அமைத்த பண்டா எலி, பண்டா எலாட் என்னும் சிற்றூர்களில் அவர்களுடைய பழைய மொழி இன்றும் பேசப்படுகிறது. பிறந்த தீவில் அழிந்த மொழி, அடைக்கலம் தந்த தீவில் பிழைத்திருக்கிறது.

கைதிகள் இட்ட முதல்

மூன்றாவதாக வந்தவர்கள் விரும்பி வரவில்லை. விடுதலை இயக்கத் தலைவர்களான முகம்மது ஹத்தாவையும் சுத்தான் ஷாஹ்ரீரையும் ஒல்லாந்த அரசு முதலில் நியூகினிக் காட்டிலுள்ள போவன் டிகுல் முகாமில் அடைத்தது. 1936இல் நெய்ராவுக்கு மாற்றியது. ஹத்தா பொருளியல் கற்றவர். பெட்டி பெட்டியாகப் புத்தகங்களோடு வந்திறங்கினார். ஊர்ப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து இருவரும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஷாஹ்ரீர் சில பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். ஆறாண்டுகள் கழித்து, 1942இல், சப்பானியர் படையெடுப்பு நெருங்கியபோது இருவரும் அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்கள். 1945இல் நாடு விடுதலையை அறிவித்ததும் ஹத்தா முதல் துணைக் குடியரசுத் தலைவரானார். ஷாஹ்ரீர் முதல் பிரதமரானார்.

அவர்களுக்கு அத்தீவில் ஒரு மரமும் சொந்தமில்லை. எனினும் இன்று அக்கூட்டத்தில் ஒரு தீவுக்கு ஹத்தாவின் பெயர். இன்னொன்றுக்கு ஷாஹ்ரீரின் பெயர்.

ஹக்கும் மில்க்கும்

ஹத்தாவை இந்தோனேசியர் 'கூட்டுறவின் தந்தை' என்பர். நிலமும் நீரும் மக்களின் நல்வாழ்வுக்கே பயன்பட வேண்டும் என்று கூறும் 1945ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவில் அவருடைய சிந்தனைக்குப் பெரும் பங்குண்டு. அப்பிரிவை அடித்தளமாகக் கொண்டே 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டம் எழுந்தது.

அச்சட்டத்தில் முழு உடைமை உரிமைக்குப் பெயர் 'ஹக் மிலிக்'. ஹக்கு என்பதும் மில்க் என்பதும் நமக்குப் புதிய சொற்களா என்ன? இவ்வுரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே உரியது. அங்கே வசிக்கும் வெளிநாட்டாருக்குக் கிடைப்பது 'ஹக் பாக்காய்' என்னும் பயன்பாட்டு உரிமை. அந்நாட்டுச் சட்டப்படி நிறுவிய கம்பெனி, கட்டடம் எழுப்பும் உரிமையை 30 ஆண்டுகளுக்குப் பெறலாம். மேலும் 20 ஆண்டுகள் நீட்டிக்கலாம். இவற்றுக்கும் அடியில் ஊர்ச் சமூகத்தின் வழிவழி உரிமையான 'ஹக் உலாயத்' சட்டத்தாலேயே ஏற்கப்பட்டிருக்கிறது.

குறுக்கு வழி தேடுவோர் உள்ளூர்வாசி ஒருவரின் பெயரில் பினாமியாக நிலம் வாங்குகிறார்கள். வெளிநாட்டார் கைக்கு உடைமையை நேராகவோ மறைமுகமாகவோ மாற்றும் எந்தப் பத்திரமும் செல்லாது என்கிறது 26ஆம் பிரிவு. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது. சட்டம் இத்தனை கடுமையாக இருப்பதன் காரணம், 68 தோட்டங்களின் கதையை அறிந்தவருக்கு விளங்காமற் போகாது.

சட்டத்துக்கு முன்பே ஊர் வைத்திருக்கும் கட்டுப்பாடும் உண்டு. மலுக்குச் சிற்றூர்களில் 'சாசி' என்றொரு வழக்கம். தென்னையோ சிப்பியோ மீனோ, உரிய காலம் வரும் வரை எவரும் கை வைக்கலாகாது என்று ஊர் அறிவிக்கும். தென்னங்குருத்தைக் கட்டிவிட்டால் அதுவே தடையின் அடையாளம். காலம் கனிந்ததும் தடை நீங்கும்; ஊரே கூடி அறுவடை செய்யும். அங்கே குடியேறுபவர் தம் வேலிக்குள் நிற்கும் மரத்துக்கும் தம் வாசலுக்கு எதிரே உள்ள கடலுக்கும் இந்தக் குருத்து பொருந்தும் என்பதை முதலில் கற்க வேண்டும். பொறுமையையும் கற்க வேண்டும். விதையிலிருந்து எழும் சாதிக்காய் மரம் காய்க்கவே ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். பூக்கும் வரை அது ஆணா பெண்ணா என்பதும் தெரியாது.

ஆகவே அத்தகைய ஊருக்குப் பணத்தோடு செல்ல நினைப்பவருக்கு நாம் சொல்லக் கூடியது இதுதான். நிலத்தைப் பார்க்கும் முன் ஊரைப் பாருங்கள். ஒரு காற்றுக் காலமேனும் அங்கே தங்குங்கள். பெரியவர்கள் எல்லோரும் கூடிச் சம்மதித்தார்களா என்று கேளுங்கள். சிலருடைய கையொப்பம் ஊராரின் சம்மதம் ஆகாது என்பதை 1602 காட்டிவிட்டது. அந்த நிலம் நம் கையில் ஓர் அமானிதம் என்ற எண்ணத்தோடு செல்பவருக்கு, நெய்ராவின் பிள்ளைகள் இன்னும் ஒரு பாயை விரித்து வைத்திருப்பார்கள்.