ஏற்காட்டு வீட்டில் ஒழுங்கான கற்காலம்

ஓய்வு பெற்றவர் வீட்டுப் பரணில் பழைய சாமான்கள் சேர்ந்துகிடப்பது வழக்கம். ஏற்காட்டில் குடியேறிய ராபர்ட் புரூஸ் ஃபூட்டிடம் சேர்ந்திருந்தவை பெரும்பாலும் கற்கள். கோடரிகள், சுரண்டிகள், பானையோடுகள் என்று நாற்பது ஆண்டுகள் நடந்து நடந்து பொறுக்கியவை.

ஃபூட் 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறைகளை ஆராய்ந்து வரைபடம் போடுவதுதான் அவருடைய வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல் அவரை வேறு வழிக்கும் இழுத்தது. அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி. அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார். பிறகு பெல்லாரி, கர்னூல் என எங்கே முகாமிட்டாலும் அவர் பார்வை தரையில்தான் இருந்தது. 1891இல் ஓய்வு பெற்று, பரோடாவிலும் மைசூரிலும் பணியாற்றியபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவர் குறித்துவைத்த இடங்கள் நானூறுக்கும் மேல்.

ஏற்காடு அவருக்குப் புது ஊர் அல்ல. மாமனார் பீட்டர் பெர்சிவல் தம் கடைசிக் காலத்தைக் கழித்து, 1882இல் மறைந்த ஊர் அது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர் பெர்சிவல். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் நூலாக்கியவரும் அவரே. மாமனார் மக்கள் வாயிலிருந்து சேர்த்தார். மருமகன் மண்ணிலிருந்து சேர்த்தார். சிதறிக் கிடந்ததை வரிசைப்படுத்தும் பொறுமை இருவருக்கும் இருந்தது.

அந்தப் பொறுமையைத்தான் சேகரிப்பைவிட உயர்வாகச் சொல்ல வேண்டும். கல்லைப் பொறுக்க யாராலும் முடியும். ஃபூட் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். எந்த மாவட்டம், எந்த ஊர், ஆற்றுப்படுகையா குன்றின் சரிவா என்று எழுதிவைத்தார். கிடைத்த இடம் தெரியாத கோடரி அழகான கல், அவ்வளவுதான். இடம் தெரிந்துவிட்டால், அங்கே மனிதர் வாழ்ந்ததற்கு அதுவே சாட்சி.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையும் அவருடைய பட்டியலில் உண்டு. இங்கே கிடைப்பவை பெரும்பாலும் புதிய கற்காலத்தைச் சேர்ந்த, வழுவழுவென்று தேய்த்த கோடரிகள். மலையாளிப் பழங்குடி மக்கள் நிலத்தில் அகப்பட்ட இத்தகைய கற்களை எறிந்துவிடாமல் பிள்ளையார் முன்னே கொண்டுபோய் வைத்தார்கள். செய்தவன் யாரென்று தெரியாத பொருளுக்கும் மரியாதையோடு ஓர் இடம் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த வகையில் இவை ஃபூட்டுக்கு முன்பே பாதுகாக்கப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது.

சென்னை அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்த கற்காலப் பொருட்களுக்கு ஃபூட் தயாரித்த பட்டியல் 1901இல் வெளிவந்தது. 1904இல் தம் சொந்தச் சேகரிப்பையும் அதே அருங்காட்சியகத்துக்கு விற்றார். தனித்தனியாகக் கொடுத்திருந்தால் நாலா திசையிலும் சிதறியிருக்கும். மொத்தமாகப் போனதால் தென்னிந்தியக் கற்காலத்தின் வரைபடமே ஒரே கூரையின்கீழ் வந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஃபூட் காலமானார். அந்தச் சேகரிப்பின் விரிவான பட்டியல் 1914இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் அச்சேறின. இரண்டையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் அவருக்குப் பின்வந்த தொல்லியலாளர்கள் அந்தப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டுதான் பழைய இடங்களைத் தேடிப் போனார்கள்.

ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஃபூட்டின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஏரியும் லேடீஸ் சீட்டும் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் எட்டிப் பார்க்கலாம். ஃபூட்டின் முறை நம் வீட்டுக்கும் பொருந்தும். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது தாத்தாவின் பெட்டியைத் திறக்க நேர்ந்தால், வைத்துக்கொள்ளப் போகும் ஒவ்வொரு பொருளோடும் ஒரு துண்டுச் சீட்டை வையுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று அதில் எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.