மினமாட்டா: தொப்புள்கொடியில் இருந்த கணக்கு

இந்த எபிசோட்ல ஜப்பான் போறோம். கியூஷூ தீவில், ஷிரானுய் கடல் ஓரமா மினமாட்டான்னு ஒரு ஊர். மீனவக் குடும்பங்கள், அவங்க பக்கத்துலயே சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை. 1932லிருந்து அங்கே அசிட்டால்டிஹைடு தயாரிச்சாங்க. அதுக்கு வினையூக்கி பாதரசம். அந்த வினையின் போதே மெத்தில்மெர்க்குரி என்ற பொருளும் உருவாகி, கழிவுநீரோட கடலுக்குப் போச்சு. கடல்லேர்ந்து மீன், மீன்லேர்ந்து சாப்பாட்டுத் தட்டு.

முதல்ல பூனைகள் தள்ளாடின, துள்ளித் துள்ளிச் செத்தன. அப்புறம் மனுஷங்க. 1956 மே 1ஆம் தேதி, ஆலையின் சொந்த மருத்துவமனைத் தலைவர் ஹோசோகாவா ஹாஜிமே, காரணம் தெரியாத ஒரு நரம்பு நோய் பரவுதுன்னு அரசு சுகாதார நிலையத்துக்குத் தெரிவிச்சார். 1959ல குமாமோட்டோ பல்கலைக்கழகக் குழு, காரணம் கரிமப் பாதரசம்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் ஹோசோகாவா ஆலைக் கழிவையே ஒரு பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். 400ஆம் நம்பர் பூனை. அதுக்கும் அதே நோய். நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடல. அந்த வருஷக் கடைசியில 'அனுதாபத் தொகை'ன்னு கொஞ்சம் பணம் கொடுத்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. பிற்காலத்தில் ஆலைதான் காரணம்னு நிரூபணமானாலும் மேற்கொண்டு நஷ்டஈடு கேட்கக் கூடாதுன்னு அதுல ஒரு ஷரத்து. அந்த ஒரு வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன்.

இதெல்லாம் பல பேருக்குத் தெரிஞ்ச கதை. நான் சொல்ல வந்தது இன்னொண்ணு.

அதே கிராமங்களில், அதே வருஷங்களில், சில குழந்தைகள் பிறந்து மாசக்கணக்கா ஆகியும் தலை நிக்கல, பேச்சு வரல, கை கால் இறுகிப் போச்சு. டாக்டர்கள் 'மூளை வாதம்'னு எழுதினாங்க. அவங்க தர்க்கம் நேரானது: இந்த நோய் மீன் சாப்பிட்டா வரும், கைக்குழந்தை மீன் சாப்பிடல, அதனால இது அந்த நோய் இல்ல. இதுக்கு அடியில் இன்னொரு நம்பிக்கையும் இருந்துச்சு. தாய் உடம்புக்குள்ள விஷம் வந்தாலும் நஞ்சுக்கொடி அதைத் தடுத்துடும், கரு பத்திரமா இருக்கும்னு அன்றைய மருத்துவம் பெரும்பாலும் நம்பிச்சு. (நம்ம தமிழ்ல அதுக்குப் பேரே நஞ்சுதான். பேர்க்காரணம் எதுவோ, அதைத் தமிழாசிரியர்களுக்கு விட்டுடறேன்.)

1961ல ஹராடா மசாஸூமி என்ற இளம் டாக்டர் அந்த மீனவக் குடியிருப்புகளுக்குப் போறார். அப்போ அவருக்கு 26 வயசு, என்னைவிடச் சின்னவர். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி ரெண்டு பேரைப் பார்க்கிறார். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி அறிகுறிகள். ரெண்டு பேருக்குமே மினமாட்டா நோயான்னு கேட்கிறார். பெரியவனுக்கு மட்டும்தான், சின்னவன் மீனே சாப்பிட்டதில்லைன்னு டாக்டர்கள் சொல்றாங்கன்னு அம்மா பதில் சொல்றாங்க. ஆனா அவங்களுக்கு அதுல நம்பிக்கை இல்ல. மீன் சாப்பிட்டது நான், அது வயித்துல இருந்த பிள்ளைக்குப் போயிருக்கும்னு சொல்றாங்க. இதே ஊர்ல அந்தச் சமயத்துல பிறந்த மத்த பிள்ளைகளையும் போய்ப் பாருங்கன்னும் சொல்றாங்க.

ஹராடா போய்ப் பார்த்தார். வீடு வீடாப் பார்த்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் ஏறத்தாழ அதே அறிகுறிகள். ஆனாலும் அதிகாரபூர்வமா ஏத்துக்க அது போதல. இறந்துபோன குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான், 1962 நவம்பரில், 16 குழந்தைகளுக்கு இருந்தது பிறவி மினமாட்டா நோய்னு ஏத்துக்கிட்டாங்க. தாலிடோமைடு மாத்திரையை ஜெர்மனியில் திரும்பப் பெற்றதும் 1961 நவம்பரில்தான். நஞ்சுக்கொடியைச் சுவர்னு நினைச்ச காலம், உலகத்தின் ரெண்டு மூலைகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிஞ்சுது.

ஏன் தடுக்கல? மெத்தில்மெர்க்குரி நம்ம உடம்புல சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோட ஒட்டிக்கும். ஒட்டினதும் பார்க்க மெத்தியோனின் மாதிரி இருக்கும். மெத்தியோனின் கருவுக்குக் கட்டாயம் வேண்டிய சத்து. அதனால நஞ்சுக்கொடி அதைத் தடுக்காதது மட்டும் இல்ல, கதவைத் திறந்து உள்ளே கூட்டிக்கிட்டுப் போகும். எங்க பாஷையில சொன்னா, திருடின பாஸ்வேர்டு. தாய் ரத்தத்தைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதன் அளவு அதிகமாவே இருக்கும். சில தாய்மார்களுக்கு லேசான மரமரப்பு மட்டும், பிள்ளைக்கோ முழு பாதிப்பு. என் உடம்பு விஷத்தை இவள் வாங்கிக்கிட்டாள்னு சொல்லி, மூத்த மகளைப் 'புதையல் பிள்ளை'ன்னு கூப்பிட்ட ஒரு குடும்பம் அங்கே உண்டு. யூஜின் ஸ்மித் 1971ல எடுத்த புகழ்பெற்ற குளியலறைப் படத்தில் இருக்கிறது அந்தத் தாயும் மகளும்தான். மகள் இறந்த பிறகு பெற்றோர் கேட்டுக்கிட்டதால, படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை 1998ல அவங்களுக்கே கொடுத்துட்டாங்க. இந்தப் பக்கத்திலும் அந்தப் படம் இல்ல.

சரி, கரு விஷத்தை வாங்கிச்சுன்னு எண்ணா எப்படிக் காட்டறது? 1950களில் அந்தக் கர்ப்பிணிகள் உடம்புல எவ்வளவு பாதரசம் இருந்ததுன்னு யாரும் அளந்து வைக்கல. லாக் ஃபைலே இல்லாத சர்வர் மாதிரி. ஆனா ஜப்பானில் ஒரு வழக்கம் உண்டு: விழுந்த தொப்புள்கொடியைக் காயவெச்சு, சின்ன மரப்பெட்டியில் போட்டு, பிள்ளை பேரையும் பிறந்த தேதியையும் எழுதி வைப்பாங்க. நம்ம வீடுகளில் தாயத்துல அடைச்சுக் கட்டுற மாதிரியேதான். ஹராடா குடும்பங்களிடம் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். காய்ந்த கொடிக்குள்ள மெத்தில்மெர்க்குரி அப்படியே இருந்துச்சு. பிறந்த தேதிப்படி வரிசைப்படுத்தினா, ஆலையின் உற்பத்தி ஏறினப்போ அளவும் ஏறுது, உற்பத்தி விழுந்தப்போ அதுவும் விழுது. நோயாளின்னு பதிவாகாத பிள்ளைகளின் கொடிகளிலும் அது இருந்தது. கம்பெனி மறைச்ச கணக்கை அம்மாக்கள் பீரோவுல வெச்சிருந்திருக்காங்க.

அசிட்டால்டிஹைடு உற்பத்தி 1968 மே மாசம் நின்னுச்சு. ஆலைதான் காரணம்னு அரசு அதே வருஷம் செப்டம்பரில் ஏத்துக்கிட்டது. ஹோசோகாவா 1970ல புற்றுநோயோட படுக்கையில் இருந்தபடி பூனை விஷயத்தைச் சாட்சியமாச் சொன்னார், அதே வருஷம் இறந்துட்டார். 1973ல குமாமோட்டோ நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராத் தீர்ப்புச் சொல்லுச்சு.

இதைக் கேட்டதும் "அப்போ கர்ப்பிணிங்க மீன் சாப்பிடலாமா?"ன்னு நீங்க மெயில் போடுவீங்க, தெரியும். சாப்பிடலாம். நெத்திலி, மத்தி மாதிரிச் சின்ன மீன்களில் பாதரசம் குறைவு. பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்னுத் தின்னுச் சேர்த்து வைக்கும், அதனால பெரிய சுறா வேண்டாம். பிள்ளை பெத்தவங்களுக்குப் புட்டு செய்யற பால் சுறா சின்ன வகை. ஆனா கடையில 'சுறா'ன்னு துண்டு போட்டு விக்கிறதெல்லாம் பால் சுறாவான்னு கேட்டு வாங்குங்க.

சகாமோட்டோ ஷினோபு 1956ல பிறந்தவர், கருவிலேயே பாதிக்கப்பட்டவர். 1972ல ஸ்டாக்ஹோம்ல ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்தப்போ, டீன் ஏஜ்ல அம்மாவோட அங்கே போனார். 2017ல பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, ஜெனீவாவில் முதல் கூட்டம் நடந்தப்போ, அறுபது தாண்டின வயசுல மறுபடியும் போனார். வார்த்தைகள் சிரமப்பட்டுத்தான் வந்துச்சு. மினமாட்டா இன்னும் முடியலன்னு பேசிட்டு வந்தார்.