பிளாஸ்டிக் கழிவிலிருந்து டீசல்: இன்ஜினில் அப்படியே ஊற்றலாமா?

‘பழைய பிளாஸ்டிக் கவரில் இருந்து டீசல்’ என்ற வீடியோக்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இது நிஜமா? நிஜம்தான். ஆனா, அந்த எண்ணெயை அப்படியே வண்டியில ஊத்தலாமா என்பது வேறு கேள்வி.

எப்படித் தயாராகிறது?

ஆக்சிஜன் இல்லாத மூடிய உலையில் பிளாஸ்டிக்கை சுமார் 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால், அதன் நீண்ட மூலக்கூறு சங்கிலிகள் உடைந்து ஆவியாகும். ஆவியைக் குளிர வைத்தால் எண்ணெய். இதுதான் பைராலிசிஸ்.

டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய ஆய்வு நிறுவனம், நாளொன்றுக்கு 1 டன் கழிவைக் கையாளும் ஆலையை 2019-ல் தொடங்கியது. 1 டன் பிளாஸ்டிக்கில் சுமார் 800 லிட்டர் டீசல் கிடைக்கும் என அப்போது தெரிவிக்கப்பட்டது.

எல்லா பிளாஸ்டிக்கும் சரிப்படுமா?

* கேரி பேக், பால் கவர், பிளாஸ்டிக் டப்பா: நல்ல எண்ணெய் தரும்.
* தெர்மோகோல்: எண்ணெய் வரும், ஆனா எரியும்போது புகை அதிகம்.
* பிவிசி பைப்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகி உலோகத்தை அரிக்கும்.
* குடிநீர் பாட்டில்: எண்ணெய் குறைவு; திடப் படிவுகள் குழாயை அடைக்கும்.

அதனால தரம் பிரிக்காத குப்பையில் நல்ல எரிபொருள் கிடைக்காது.

இன்ஜினில் என்ன நடக்கும்?

எரிசக்தியில் இது டீசலுக்கு நெருக்கமானதுதான். சிக்கல், பற்றிக்கொள்ளும் நேரத்தில் இருக்கிறது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடான காற்றிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். பிளாஸ்டிக் எண்ணெய் பெரும்பாலும் கொஞ்சம் தாமதமாகத்தான் பற்றும். அதற்குள் சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரேயடியாக எரிவதால் சத்தமும் அதிர்வும் கூடும். நைட்ரஜன் ஆக்சைடு புகையும் அதிகரிக்கும்.

திறனாக ஓட்ட என்ன வழி?

1. எண்ணெயை வடித்துப் பிரித்து, பெட்ரோல் போன்ற லேசான பகுதியையும் மெழுகையும் நீக்கணும்.
2. முழுசா ஊத்தாம, டீசலுடன் குறைந்த அளவில் கலக்கணும்.
3. எரிபொருள் பீய்ச்சும் நேரத்தை அதற்கேற்ப மாற்றி அமைக்கணும்.
4. நல்ல லோடில் ஓட்டணும். லோடு குறைந்தால் இன்ஜின் சூடு குறைந்து, எரிதல் சீராக இருக்காது.

இதனால்தான் சீரான லோடில் ஓடும் ஜெனரேட்டர்களுக்கு இது ஓரளவு பொருந்துகிறது.

உங்க வண்டிக்கு?

சுத்திகரிக்காத எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிஎஸ்-6 வண்டிகளின் இன்ஜெக்டர் துளைகள் மிக நுண்ணியவை. பிசின், மெழுகு அடைத்தால் ரிப்பேர் செலவு, மிச்சம் பிடித்த டீசல் காசை விட பல மடங்கு ஆகும். புகை வடிகட்டியும் பாதிக்கப்படும்.

வீட்டில் டிரம் வைத்து காய்ச்சுவது அதைவிட ஆபத்து. கசியும் ஆவி சட்டென தீப்பிடிக்கும்.

இன்னொரு விஷயம்: இதை எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். மறுசுழற்சி செய்ய முடியாத பிளாஸ்டிக்கை தெருவில் கொளுத்துவதற்குப் பதிலாக முறையான ஆலைக்கு அனுப்புவது நல்லது. அந்த வேலை, வீட்டில் குப்பையைத் தரம் பிரிப்பதில்தான் தொடங்குது.