வீட்டுவசதி ஆணைய விண்ணப்பம் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் அரசின் வீட்டு உதவி கேட்டு, தங்கள் ஊரின் அல்லது மாவட்டத்தின் வீட்டுவசதி ஆணையத்திடம் கொடுக்கும் மனு. அமெரிக்காவில் இத்தகைய ஆணையங்கள் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன. பணத்தில் பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்து வருகிறது. அதை யாருக்கு, எந்த வரிசையில் தருவது என்பதை மத்திய சட்டம் வகுத்த எல்லைக்குள் உள்ளூர் ஆணையமே தீர்மானிக்கிறது. ஆணையத்துக்குச் சொந்தமான குடியிருப்பில் வீடு கேட்டும் விண்ணப்பிக்கலாம். தனியார் வீட்டு வாடகையில் ஒரு பகுதியை ஆணையம் கட்டும் ‘வவுச்சர்’ கேட்டும் விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் தகுதி உள்ளவர் மனு செய்தால் உதவி கிடைத்தாக வேண்டும். வீட்டு உதவிக்கு அந்தச் சட்ட உறுதி கிடையாது. காங்கிரஸ் அவை ஒதுக்கிய தொகை தீர்ந்ததும் கதவு சாத்தப்படுகிறது. தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் உதவி எட்டுகிறது. மற்ற மூன்றையும் என்ன நியாயம் சொல்லி நிறுத்தி வைப்பது? கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு அதிகாரிகளும் நீதிபதிகளும் சட்டமன்றங்களும் தந்த பதில்களே இந்த விண்ணப்பத்தின் வரலாறு.

தோற்றம்

பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1933இல், மத்தியப் பொதுப்பணி நிர்வாகம் சேரிகளை அகற்றி நேரடியாகவே குடியிருப்புகள் கட்டத் தொடங்கியது. அட்லாண்டாவின் டெக்வுட் ஹோம்ஸ் அவற்றில் முந்தியது. ஆனால் லூயிவில் நகர வழக்கில், வீடு கட்டுவதற்காக மத்திய அரசு தனியார் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த முடியாது என்று 1935இல் தீர்ப்பாயிற்று. மாநிலச் சட்டப்படி அமைந்த உள்ளூர் அமைப்புகளுக்கு அந்தத் தடை இல்லை. வீட்டு உதவி கேட்பவர் இன்றைக்கும் வாஷிங்டனுக்கு எழுதாமல் உள்ளூர் அலுவலகத்தின் முன் நிற்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் 1934இல் பிறந்தது. மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் அது எழுப்பிய ‘ஃபர்ஸ்ட் ஹவுசஸ்’ 1935 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1937 செப்டம்பர் 1 அன்று அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட வாக்னர்–ஸ்டீகல் சட்டம் இந்த ஏற்பாட்டை நாடெங்கும் பரப்பியது. ‘மாடர்ன் ஹவுசிங்’ நூலை எழுதிய கேத்தரின் பவர் அந்தச் சட்டத்துக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர்.

அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு கணக்கு, விண்ணப்பத்தின் போக்கையே பல பத்தாண்டுகளுக்குத் தீர்மானித்துவிட்டது. கட்டுமானக் கடனை அடைக்க மத்திய அரசு உதவும். பராமரிப்பு, சம்பளம், பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் வாடகையிலிருந்தே ஆணையம் சமாளிக்க வேண்டும். ஆகவே மிகவும் வறியவர்களை ஆணையங்கள் விரும்பவில்லை. ஏழையாகவும் இருக்க வேண்டும், மாதாமாதம் தவறாமல் வாடகை கட்டுபவராகவும் இருக்க வேண்டும். மேல் வரம்பும் உண்டு: குடும்ப வருமானம் வாடகையைப் போல ஐந்து மடங்கைத் தாண்டக் கூடாது, பிள்ளைகள் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் ஆறு மடங்கு. வருமானம் கூடினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தனியாக வாழும் முதியவர்கள் 1956 வரை ‘குடும்பம்’ என்றே கணக்கில் வரவில்லை.

ஒழுக்கத்தின் அளவுகோல்

தொடக்க ஆண்டுகளில் விண்ணப்பப் படிவம் பாதி வேலையைத்தான் செய்தது. மீதி, நேரில் வந்த ஆய்வாளரின் கையில் இருந்தது. மனுதாரர் அப்போது குடியிருந்த வீட்டுக்கே அவர் போவார்; கழிப்பறை, வெளிச்சம், எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள் என்று பார்ப்பார். வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு உரிமை என்பது ஒரு கணக்கு. அந்த வீட்டை இல்லத்தரசி எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்பது அதன் பக்கத்திலேயே ஓடிய இன்னொரு கணக்கு.

1952இல் காங்கிரஸ் நிறைவேற்றிய க்வின் திருத்தம், அரசு வீடுகளில் குடியிருப்போர் தேசத்துக்கு எதிரானவை என்று பட்டியலிடப்பட்ட அமைப்புகளில் உறுப்பினராக இல்லை என உறுதி தரச் சொன்னது. நீதிமன்றங்கள் சில ஆண்டுகளில் அதை முறியடித்தன. நியூயார்க் ஆணையம் 1953இல் வகுத்த அளவுகோல்கள் அதைவிட நீண்ட காலம் நின்றன. குடிப்பழக்கம், நிலையில்லாத வேலை, கணவரின்றிக் குழந்தை வளர்த்தல், வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் போதாமை எல்லாம் அதில் குறைகளாக எண்ணப்பட்டன. மேசையும் நாற்காலியும் வாங்க வழியற்றவருக்கு அதே காரணத்தால் வீட்டை மறுப்பது என்ன நீதி? 1960களின் இறுதியில்தான் அந்தப் பட்டியல் கைவிடப்பட்டது.

நிறத்தின் வரிசை

1937 சட்டத்தின் பணத்தில் முதலில் கட்டி முடிக்கப்பட்ட குடியிருப்புகள் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1939இல் திறக்கப்பட்டன. மெக்சிக வம்சாவளியினருக்கு சான்டா ரீட்டா கோர்ட்ஸ், கறுப்பினத்தவருக்கு ரோஸ்வுட் கோர்ட்ஸ், வெள்ளையருக்கு சாமர்ஸ் கோர்ட்ஸ் என்று மூன்று வளாகங்கள். தெற்கில் இது சட்டத்தின் பெயரால் நடந்தது. வடக்கில் ‘அக்கம்பக்கத்தின் இயல்பு மாறக் கூடாது’ என்ற விதியின் பெயரால் அதுவே நடந்தது.

சிகாகோவின் டிரம்புல் பார்க் வளாகத்தில் வெள்ளையர் மட்டுமே இருந்தார்கள். 1953இல் மனு கொடுக்க வந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் வெளிர்நிறத்தைக் கண்டு, அவரை வெள்ளையர் என்று எண்ணிய அலுவலர்கள் அங்கே வீடு ஒதுக்கிவிட்டார்கள். உண்மை தெரிந்ததும் வெள்ளைக் கும்பல் திரண்டு கல்லெறிந்தது. கலவரம் மாதக்கணக்கில் நீண்டது. இன ஒதுக்கலை எதிர்த்து வந்த ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் எலிசபெத் வுட் மறு ஆண்டே பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அதே சிகாகோவில் டோரதி காட்ரோவும் வேறு சிலரும் 1966இல் தொடுத்த வழக்கு, ஆணையத்தின் கோப்புகளை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. வெள்ளையர் பகுதியிலிருந்த நான்கு வளாகங்களில் கறுப்பினக் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஆணையம் உச்ச வரம்பு வைத்திருந்தது என்று நீதிபதி ரிச்சர்ட் ஆஸ்டின் 1969இல் தீர்ப்பளித்தார். வழக்கு 1976இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் விளைவாக 1998 வரை ஏறத்தாழ 7,000 கறுப்பினக் குடும்பங்கள் வாடகை உதவியோடு நகரின் மற்றப் பகுதிகளுக்கும் புறநகர்களுக்கும் குடிபெயர்ந்தன. தீர்ப்பைக் காண டோரதி காட்ரோ உயிரோடு இல்லை.

ஹோம்ஸ் வழக்கு

விண்ணப்பதாரருக்கும் உரிமை உண்டு என்று நாட்டுக்கு உணர்த்தியது 1968இல் முடிவான ‘ஹோம்ஸ் எதிர் நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம்’ என்ற வழக்கு. அன்றைக்கு அந்த ஆணையத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 90,000 மனுக்கள் வந்தன. வீடு கிடைத்தது சராசரியாக 10,000 குடும்பங்களுக்கு. மனுக்கள் எந்த வரிசைப்படியும் பார்க்கப்படவில்லை, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தாமாகவே காலாவதியாகின்றன, தகுதி உண்டா இல்லையா என்றுகூடப் பலருக்குத் தெரிவிப்பதில்லை என்று 31 பேர் முறையிட்டார்கள். தெளிவான, கண்டறியத்தக்க விதிகளின்படியே தேர்வு நடக்க வேண்டும்; சமநிலையில் உள்ளவர்களுக்குள் தேர்ந்தெடுக்கும்போது மனு வந்த தேதியையோ குலுக்கலையோ பின்பற்றலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இன்று மனுவில் விழும் தேதி முத்திரைக்கும் கணினிக் குலுக்கலுக்கும் பின்னால் இந்தத் தீர்ப்பு இருக்கிறது. இந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்றே சொல்லலாம். வீடுகள் ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனாலும் மனு கொடுத்தவர் அதிகாரியின் தயவை எதிர்பார்த்து நின்ற நிலை சட்டத்தின் கண்ணில் முடிந்தது.

வாடகையிலிருந்து வவுச்சருக்கு

பராமரிப்புச் செலவு ஏற ஏற ஆணையங்கள் வாடகையை உயர்த்தின. செயின்ட் லூயிஸ் நகரில் சிலர் வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே கொடுத்தார்கள். 1969இல் அங்கே குடியிருப்போர் வாடகை கட்ட மறுத்துப் பல மாதங்கள் போராடினார்கள். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம், அரசுக் குடியிருப்பில் வாடகை வருமானத்தின் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டது. 1981இல் அது 30 விழுக்காடாயிற்று; இன்றும் அதுவே அடிப்படை.

அதிபர் நிக்சன் 1973 ஜனவரியில் புதிய வீட்டு உதவித் திட்டங்களை நிறுத்தி வைத்தார். 1974ஆம் ஆண்டுச் சட்டம் 1937 சட்டத்தில் புகுத்திய எட்டாம் பிரிவு, தனியார் வீட்டு வாடகைக்கு உதவும் முறையை முன்னே கொண்டு வந்தது. மக்கள் பேச்சில் அந்த உதவிக்கு இன்றும் ‘செக்‌ஷன் எய்ட்’ என்றே பெயர். அதன் இரு வடிவங்களை இணைத்து இன்றைய வவுச்சர் திட்டமாக்கியது 1998ஆம் ஆண்டுச் சட்டம். புதிதாகத் தரும் வவுச்சர்களில் நான்கில் மூன்று பங்கு மிகக் கீழ்நிலை வருமானத்தவருக்குப் போக வேண்டும் என்றது அது. வட்டாரத்துக் குடும்பங்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் வரும் குடும்பத்தின் வருமானத்தில் 30 விழுக்காடு, அல்லது மத்திய அரசின் வறுமைக்கோடு, இதில் எது கூடுதலோ அதுவே இப்போதைய அளவு. ஆணையங்களின் சொந்தக் குடியிருப்புகளின் எண்ணிக்கை 1999 அக்டோபர் நிலவரத்தைத் தாண்டக் கூடாது என்ற தடையும் அதே சட்டத்தில் நுழைந்தது. கட்ட வேண்டிய காலத்தில் போட்ட இந்தப் பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை.

பலவந்தமாக வெளியேற்றப்பட்டோர், தரமற்ற வீட்டிலோ வீடின்றியோ வாழ்வோர், வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகை கட்டுவோர் ஆகியோருக்கு 1979 முதல் படிப்படியாக மத்திய சட்டம் முன்னுரிமை தந்துவந்தது. 1998இல் அது நீக்கப்பட்டு, முன்னுரிமையை வகுக்கும் பொறுப்பு உள்ளூருக்கே விடப்பட்டது. முன்னாள் படைவீரருக்கு, வீடற்றவருக்கு, வேலை செய்பவருக்கு என்று ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. உள்ளூர்வாசிக்கு முன்னுரிமை என்பது வெளிப்பார்வைக்குக் குற்றமற்றதாகத் தெரியும். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் அது மற்ற இனத்தவரை விலக்கும் கருவியாகிறது என்று வழக்குகள் நடந்திருக்கின்றன.

பட்டியல் திறக்கும் நாள்

பட்டியல் மிக நீண்டுவிட்டால் ஆணையம் புதிய மனுக்களை வாங்குவதை நிறுத்திவிடுகிறது. சில ஊர்களில் பத்தாண்டுக்கு மேலும் அது மூடியே கிடக்கிறது. அட்லாண்டாவை ஒட்டிய ஈஸ்ட் பாயின்டில் 2010 ஆகஸ்டில் விண்ணப்பம் வாங்க மட்டும் ஏறத்தாழ 30,000 பேர் கொளுத்தும் வெயிலில் திரண்டார்கள். நெரிசலிலும் வெப்பத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. அவர்கள் வாங்க வந்தது வீடல்ல, வவுச்சரும் அல்ல; பட்டியலில் ஒரு பெயர். 2009 டிசம்பரில் மூடப்பட்ட நியூயார்க் வவுச்சர் பட்டியல் 2024 ஜூனில் ஒரு வாரம் இணையவழி திறந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. குலுக்கலில் 2 லட்சம் பேர் பட்டியலில் இடம் பெற்றார்கள்.

இன்றைய நடைமுறை

முதல் மனு பெரும்பாலும் சுருக்கமானது: பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம், முன்னுரிமைக்குக் காரணம். கட்டணம் கிடையாது, பணம் கேட்பவர் மோசடிக்காரர். எந்த ஊர் ஆணையத்திடமும், ஒரே நேரத்தில் பல ஆணையங்களிடமும் விண்ணப்பிக்கலாம். முறை வரும்போதுதான் பிறப்புச் சான்று, சமூகப் பாதுகாப்பு எண், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், குடியுரிமை அல்லது குடியேற்ற நிலை எல்லாம் கேட்கப்படும். குடும்பத்தில் சிலருக்கு மட்டும் குடியேற்றத் தகுதி இருந்தால் உதவி அந்த விகிதத்தில் குறையும். காத்திருக்கும் ஆண்டுகளில் முகவரி மாறி, ஆணையம் அனுப்பிய கடிதம் கைக்குச் சேராமல் பெயர் நீக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. அடிக்கடி வீடு மாற நேர்பவர்களே இந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதால் இது மிகக் கொடிய விதி. மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். மறுஆய்வு கேட்கும் உரிமையும் உண்டு.

வவுச்சர் கைக்கு வந்தபின் வீடு தேடக் குறைந்தது 60 நாள் அவகாசம் தரப்படுகிறது. வாடகை ஆணையத்தின் வரம்புக்குள் இருக்க வேண்டும். வீடு ஆய்வில் தேற வேண்டும். உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பலரின் வவுச்சர் பயன்படாமல் காலாவதியாகிறது. வவுச்சர் வைத்திருப்பவர் என்பதற்காக வீடு மறுப்பதை மாசசூசெட்ஸ் 1971லேயே தடை செய்தது. நியூயார்க் மாநிலம் முழுதும் 2019இல் தடை வந்தது. 1968ஆம் ஆண்டின் மத்திய நியாய வீட்டுவசதிச் சட்டம் தடுக்கும் பாகுபாடுகளில் இனம், நிறம், மதம், பாலினம், ஊனம், குடும்ப நிலை, பூர்வீக நாடு ஆகியவை உண்டு. வாடகை எந்த வழியில் வருகிறது என்பது அந்தப் பட்டியலில் இதுவரை சேர்க்கப்படவில்லை.