பாஸ்டன் ஐஸும் எங்க வீட்டு ஐஸ்கிரீமும்

மே மாச லீவுக்கு அக்கா பசங்க வந்திருக்காங்க. மெரினா போற வழியில பஸ் போர்டைப் படிச்சுட்டுப் பெரியவ கேட்டா: "மாமா, ஐஸ் ஹவுஸ்ல ஐஸ் விப்பாங்களா?" வித்தாங்க கண்ணு, நூத்தி எண்பது வருஷத்துக்கு முன்னாடி என்றேன். அப்புறம் விடவில்லை, முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர் ஐஸ் ஏற்றுமதியைத் தொடங்கியது 1806-ல். குளிர்காலத்தில் உறைந்த குளங்களைக் குதிரை இழுக்கும் கலப்பையால் கீறி, பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றுவார்கள். 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன்னுடன் கிளம்பி, நாலு மாசம் கழித்து கல்கத்தா சேர்ந்தபோது 100 டன் போல மிச்சம் இருந்தது! அடுத்து மெட்ராஸ். 1840களில் கடற்கரையில் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். வால்டன் குளத்தில் டியூடரின் ஆட்கள் ஐஸ் அறுத்ததைப் பார்த்த தோரோ, தன் புத்தகத்தில் மெட்ராஸ்காரர்களையும் மறக்காமல் குறிப்பிடுகிறார்.

அப்போ இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். ஐஸ் போனது வெள்ளைக்காரத் துரைகள், பணக்காரர்கள் வீட்டு மேசைக்கு. பிறகு இயந்திரத்திலேயே ஐஸ் தயாரிக்க வழி வந்ததும் வியாபாரம் படுத்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் கைக்கு மாறியது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

கதை முடிந்ததும் பசங்களோட ஐஸ்கிரீம் செஞ்சோம், ஃப்ரீசர் இல்லாமல். காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு கப், சர்க்கரை ரெண்டு ஸ்பூன், கொஞ்சம் ஏலக்காய். சின்ன ஜிப் கவரில் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடணும். பெரிய கவரில் பாதிக்கு ஐஸ், அரை கப் கல் உப்பு. சின்னதை உள்ளே வைத்து, துண்டில் சுற்றிப் பத்து நிமிஷம் குலுக்கணும். வெறுங்கையால பிடிக்கக் கூடாது, குளிர் தோலைச் சுட்டுடும். உப்பு பட்டால் ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயும் உருகும், உருகத் தேவையான வெப்பத்தைப் பாலிடமிருந்து இழுத்துக்கொள்ளும். பால் உறைவது அதனால்தான். 1843-ல் நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி காப்புரிமை வாங்கிய கைப்பிடி ஐஸ்கிரீம் வாளியிலும் இதே உத்திதான்.

முதல் தடவை சின்ன கவர் சரியா மூடலை, உப்புத் தண்ணி இறங்கி ஒரே கரிப்பு. நீங்க ரெண்டு கவராப் போட்டுடுங்க.

ரெண்டாவது தடவை நல்லா வந்தது. அந்த நேரம் பார்த்துத் தண்ணி கேன் போடுற அண்ணன் மூணு மாடி ஏறி வந்தார். சின்னவன் என்கிட்ட மெதுவா, "மாமா, அப்போ படகுல ஐஸ் தூக்கினவங்களுக்கு ஒரு துண்டாவது குடுத்திருப்பாங்களா?" என்றான். நான் பதில் யோசிக்கறதுக்குள்ள முதல் கிண்ணம் அவர் கைக்குப் போயிடுச்சு.