தாத்யா விஞ்சு: மராத்தியை மிரட்டிய பொம்மையின் கதை

மகாராஷ்டிராவில் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன யாரிடமாவது ‘தாத்யா விஞ்சு’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். கொஞ்சம் விட்டால், சின்ன வயதில் இருட்டில் பொம்மையைப் பார்த்துப் பயந்த கதையையும் சொல்வார்கள். இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு பொம்மை இரண்டையும் ஒன்றாகச் சாதித்தது. படத்தின் பெயர் ‘ஜபாட்லேலா’. வெளிவந்தது 1993-இல். இயக்கியவர் மகேஷ் கோட்டாரே. ‘பேய் பிடித்தவன்’ என்பதுதான் தலைப்பின் பொருள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒருவர் கட்டாயம் சொல்வார்: “அது ஹாலிவுட்டிலிருந்து சுட்டதாச்சே!” உண்மைதான். ஆனால் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை.

சுட்டது எது?

1988-இல் டாம் ஹாலண்ட் இயக்கத்தில் ‘சைல்ட்ஸ் ப்ளே’ வந்தது. சிகாகோவில் போலீஸ் துரத்த, குண்டடிபட்ட ஒரு கொலைகாரன் பொம்மைக் கடைக்குள் ஓடுகிறான். சாகும் நேரத்தில் மந்திரம் சொல்லித் தன் உயிரை ஒரு பொம்மைக்குள் ஏற்றிவிடுகிறான். அந்தப் பொம்மை ஆறு வயதுச் சிறுவன் ஒருவனிடம் போய்ச் சேருகிறது. பொம்மையிலிருந்து வெளியே வர ஒரே வழி, தான் யார் என்ற ரகசியத்தை முதலில் யாரிடம் சொன்னானோ, அவன் உடம்புக்குள் புகுவதுதான்.

‘ஜபாட்லேலா’வின் எலும்புக்கூடும் இதுவேதான். தாத்யா விஞ்சு என்ற தாதா ஒரு மந்திரவாதியை மிரட்டி, கூடு விட்டுக் கூடு பாயும் மந்திரத்தைக் கற்றுக்கொள்கிறான். போலீஸ் சுட்டதும் பக்கத்தில் இருந்த பொம்மைக்குள் புகுந்துகொள்கிறான். ரகசியத்தை முதலில் கேட்ட ஆளைத் தேடுகிற விதியும் அப்படியே இருக்கிறது.

ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். மராத்தியில் ‘தாத்யா’ என்பது வீட்டுப் பெரியவரை மரியாதையாகக் கூப்பிடும் சொல். ‘விஞ்சு’ என்றால் தேள். நம் ஊரில் ‘தேள் பெரியப்பா’ என்று ஒரு ரவுடி இருந்தால் எப்படி இருக்கும்? கேட்டதும் சிரிப்பு வரும், கிட்டே போகவும் பயமாக இருக்கும். அவன் அடியாளின் பெயர் குப்ட்யா கவீஸ். குப்ட்யா என்றால் கூனன், கவீஸ் என்பது அந்தப் பக்கத்துக் கிராமக் கதைகளில் வரும் ஒரு வகைப் பேய். ஹாலிவுட் கதைக்கு மராத்திக் கிராமத்து வாசனை இப்படித்தான் முதலில் ஏறியது.

மாற்றியது எது?

பெயர் மாற்றம் சின்ன விஷயம். பெரிய மாற்றம் கதாநாயகனில் இருக்கிறது. அமெரிக்கப் படத்தில் பொம்மை பேசுகிறது என்று சொல்பவன் சிறுவன். சின்னப் பையன் பேச்சு என்பதால் யாரும் நம்பவில்லை. மராத்தியில் அந்த இடத்தில் வளர்ந்த ஓர் ஆள் வருகிறான், லக்ஷ்மிகாந்த் போல்கே. ‘போல்கே’ என்ற குடும்பப் பெயரே பேச்சோடு சம்பந்தப்பட்டது. அவனுக்குப் பேசும் பொம்மை வித்தையில், அதாவது வென்ட்ரிலோக்விசத்தில், பைத்தியம்.

இங்கேதான் திரைக்கதை ஜெயிக்கிறது. பொம்மை வாயைத் திறந்து பேசினால், கேட்பவர் என்ன நினைப்பார்? ‘அட, இவன் வித்தை தேறிவிட்டதே’ என்றுதான் நினைப்பார். பேய் பேசப் பேச லக்ஷ்மிகாந்துக்குப் பேரும் வருகிறது, ஆபத்தும் வருகிறது. அவன் கத்தினாலும் நம்ப ஆளில்லை. பயமும் சிரிப்பும் ஒரே முடிச்சிலிருந்து கிளம்புகின்றன. இந்த முடிச்சு ‘சைல்ட்ஸ் ப்ளே’யில் கிடையாது.

இது எங்கிருந்து வந்தது? மும்பையில் இருந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க வேண்டும்.

பாத்யே குடும்பம்

இந்தியாவில் பேசும் பொம்மைக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் ஒய்.கே. பாத்யே. அவருடைய ‘அர்த்வட்ராவ்’ பொம்மை மராத்தி மேடைகளில் மிகப் பிரபலம். பெயருக்கு ‘அரைக்கிறுக்கு ஐயா’ என்று பொருள் சொல்லலாம். அவருக்குப் பின் அந்தப் பொம்மையைக் கையில் எடுத்தவர் மகன் ராம்தாஸ் பாத்யே. பெயர் புதிதாக இருந்தாலும் இவர் வேலையை நீங்கள் பார்த்திருக்கலாம். தூர்தர்ஷன் காலத்து லிஜ்ஜத் அப்பளம் விளம்பரத்தில் சிரித்த முயல் இவருடையதுதான். மனைவி அபர்ணாவும் பொம்மைக் கலைஞர். மகன் சத்யஜித் சார்ட்டர்டு அக்கவுன்டன்சி முடித்துவிட்டு இந்தக் கலைக்கு வந்தவர். பி.காம் நண்பர்கள் வீட்டில் சொல்லி வைக்கலாம் :)

இந்த வித்தை எவ்வளவு கடினம் என்பது தமிழ் படித்தவர்களுக்குச் சீக்கிரம் புரியும். ‘ப’, ‘ம’ இரண்டையும் உதடு ஒட்டாமல் சொல்ல முடியாது. உதடு ஒட்டாத குறள் என்று 341-ஆம் குறளைப் பள்ளியில் அதிசயமாகச் சொல்லித் தருவார்களே, அந்த விஷயம்தான். பேசும் பொம்மைக்காரர் உதட்டை அசைக்காமல் நாக்கை வைத்தே ஏறக்குறைய அதே ஒலியை எழுப்ப வேண்டும். மீதியைப் பார்ப்பவர் கண்ணே செய்துவிடும். எந்த வாய் அசைகிறதோ அங்கிருந்துதான் சத்தம் வருகிறது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

சினிமாவில் குரலைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம், எனவே உதடு வித்தை அங்கே தேவையில்லை. வேண்டியது இன்னொரு திறமை: பொம்மை எப்போது தலையைத் திருப்ப வேண்டும், எவ்வளவு நேரம் சும்மா முறைக்க வேண்டும் என்ற கணக்கு. ஹாலிவுட்டில் சக்கி பொம்மைக்கு ரிமோட்டில் இயங்கும் இயந்திர முகங்கள் இருந்தன. சில காட்சிகளில் குள்ளமான நடிகர் ஒருவர் பொம்மை உடையில் நடித்தார். மராத்திப் படத்துக்கு அந்த வசதி எங்கே? கோட்டாரேவுக்குக் கிடைத்தது மேடை மேடையாகப் பழகிய ஒரு கை. தாத்யா விஞ்சு பொம்மையைச் செய்து இயக்கியவர் ராம்தாஸ் பாத்யேதான்.

குரல் கொடுத்தவர் திலீப் பிரபாவல்கர். படத்தின் தொடக்கத்தில் மனிதனாக வரும் தாத்யா விஞ்சுவும் அவரே. 2006-இல் ‘லகே ரஹோ முன்னாபாய்’ படத்தில் காந்தியாக வந்தாரே, அதே மனிதர்தான்! கொலைகாரப் பொம்மைக்கும் காந்திக்கும் ஒரே தொண்டை. அந்த ஆண்டுக்கான தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது.

நம்ம ஊர்த் தொடர்பு

கோட்டாரேவின் பாதையில் தமிழும் உண்டு. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ (1966) ஆனது. அதை வைத்து 1985-இல் கோட்டாரே மராத்தியில் எடுத்த படம் ‘தூம்தடாகா’. நாகேஷ் வேடத்தில் நடித்தவர் லக்ஷ்மிகாந்த் பெர்டே. ‘மைனே ப்யார் கியா’ (1989) பார்த்தவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்கும். பாலையாவிடம் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறக்க முடியுமா? பயமுறுத்திக்கொண்டே சிரிக்க வைக்கும் வேலையை அந்த வேடத்திலிருந்து தொடங்கிய பெர்டே, எட்டு வருடம் கழித்து ‘ஜபாட்லேலா’வில் லக்ஷ்மிகாந்தாக வந்தார்.

படம் பொம்மையால் மட்டும் ஓடவில்லை என்பதற்கும் அவரே சாட்சி. பொம்மைக்கு உயிர் இருக்கிறது என்று நாம் நம்புவது, அதைப் பார்த்து எதிரில் இருப்பவர் நடுங்கும்போதுதான். அந்த நடுக்கத்தைத் தந்தவர் பெர்டே. இருவரில் ஒருவர் சொதப்பியிருந்தாலும் அது வெறும் பொம்மைதான்.

மிஞ்சியது யார்?

படம் 1995-இல் ‘கிலோனா பனா கல்நாயக்’ என்று இந்தியில் ‘டப்’ ஆகி மராத்தி தெரியாதவர்களிடமும் போனது. 2004 டிசம்பரில் லக்ஷ்மிகாந்த் பெர்டே 50 வயதில் காலமானார். 2013-இல் கோட்டாரே ‘ஜபாட்லேலா 2’ படத்தை முப்பரிமாணத்தில் எடுத்தார். தாத்யா விஞ்சு அதே முகத்தோடு திரும்பி வந்தான், இருபது வருடத்தில் ஒரு நரைகூட இல்லை. எதிரில் நடுங்க லக்ஷ்மிகாந்த் இல்லை. கதையில் அவன் மகன் வந்தான், நடித்தவர் இயக்குநரின் மகன் ஆதிநாத் கோட்டாரே.

கூடு விட்டுக் கூடு பாய நினைத்த தாத்யா விஞ்சு கதையில் தோற்றுப்போனான். வெளியே பார்த்தால் அவனுக்குத்தான் சாவே இல்லை. ‘சுட்ட படம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளும்போது விட்டுப்போவது கதை எழுதியவர் பெயர் மட்டுமல்ல. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த ஒரு கைவித்தையும், அதற்கு எதிரில் நின்று நடுங்கிக் காட்டிய ஒரு நல்ல நடிகனும் சேர்ந்தே விட்டுப்போகிறார்கள். கதையை ஹாலிவுட்டிலிருந்து எடுத்துவிடலாம். இந்த இரண்டையும் சுட முடியாது.