பக்கவாதமும் பழகும் கையும்

ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த சிங்கப்பூர்ச் செங்காங்கில், 2018ஆம் ஆண்டு சமூக மருத்துவமனை திறக்கப்பட்டது. பக்கவாதம் கண்டவர்கள் அங்கே மீண்டும் நடக்கப் பழகுகிறார்கள்.

தோட்டத்து லயங்களில் நாமோ, பக்கவாதம் வந்தால் பாயோடு படுக்கைதான் என்று நம்பி வந்தோம். 1940களில் லண்டனில் பெர்த்தா போபத் அம்மையார், பக்கவாதம் கண்ட ஓர் ஓவியருக்குச் சிகிச்சை அளிக்கையில், செயலிழந்த பக்கத்தையே பழக்கலாம் எனக் கண்டார். 1982இல் ஆஸ்திரேலியாவின் கார், ஷெப்பர்ட் என்னும் இருவர், எழுந்து நிற்றல், குவளை எடுத்தல் போன்ற அன்றாட வேலைகளையே பயிற்சியாக வகுத்து நூல் எழுதினர். திரும்பத் திரும்பச் செய்தால், மூளையின் பழுதான பகுதியின் வேலையைப் பிற பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்கின்றன.

ஆகவே எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது அன்பாகாது. தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் கெடும். பயிற்சியாளர் சொன்னபடி, குவளையை அவரே எடுக்கும் வரை அருகிருந்து காத்திருப்போம்.